செஞ்சிக் கோட்டை: ராஜகிரி ஏறப் போகிறவர்களுக்கு

செஞ்சிக்குப் போகிற பலர் பதினோரு மணி வெயிலில் ஏறத் தொடங்கி, பாதியில் மூச்சு வாங்கித் திரும்பிவிடுகிறார்கள். மலை ஒன்றும் அவ்வளவு பெரிதில்லை. கோட்டையின் மூன்று மலைகளில் உயரமான ராஜகிரியே 800 அடிதான். ஆனால் வெயில் ஏற ஏறப் பாறை சூடாகும். மேல்பகுதியில் நிழல் குறைவு. காலையில் வாயில் திறந்ததுமே உள்ளே போய்விடுங்கள். பிற்பகலில் மேலே ஏற விடமாட்டார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் எந்தப் பேருந்தும் செஞ்சி வழியாகத்தான் போகும். தூரம் 28 கிலோமீட்டர். பேருந்து நிலையத்திலிருந்து கோட்டை மேற்கே சுமார் இரண்டு கிலோமீட்டர், ஆட்டோ கிடைக்கும். சாலைக்குத் தெற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி. மூன்றாவது மலையான சந்திரகிரி புதர் மண்டிக் கிடக்கிறது, அதை விட்டுவிடலாம். மூன்றையும் வளைத்து ஓடும் மதில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். அதைத் தோளில் மாட்டும் பையில், ஜிப் போட்டு வையுங்கள். கையில் பாலித்தீன் பை தொங்கினால் குரங்குகள் விடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே பிடுங்கும். தின்பண்டத்தைக் கீழேயே முடித்துவிட்டு ஏறுவது நல்லது. ரப்பர் செருப்பு வேண்டாம். நூற்றாண்டுகளாகக் கால் பட்டுத் தேய்ந்த கருங்கல் படிகள் கண்ணாடி மாதிரி வழுக்கும், மழை பெய்திருந்தால் இன்னும் மோசம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தவிர்த்து, மார்கழியிலிருந்து மாசி வரை போவதே சரியான காலம்.

படிகள் ஆயிரத்துக்கும் மேல். ஒன்று அரையடி, அடுத்தது முக்காலடி என்று உயரம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் ஒரே சீரான நடை வராது. வேகமாக ஏறி உட்கார்வதைவிட, மெதுவாக நிற்காமல் ஏறுவது மேல். சாதாரண உடல்வாகு உள்ளவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். உண்மையான சோதனை இறங்கும்போதுதான். முழங்கால் வலி உள்ளவர்கள் ஒரு கைத்தடி வைத்துக்கொண்டு, உயரமான படிகளில் பக்கவாட்டாகக் கால் வைத்து இறங்குங்கள்.

உச்சியை நெருங்கும்போது பாதை சட்டென்று அறுந்துபோகும். முன்னால் ஒரு பிளவு: அகலம் சுமார் 24 அடி, ஆழம் 60 அடி. இயற்கையாகவே இருந்த வெடிப்பை இன்னும் அகலப்படுத்தியிருக்கிறார்கள். இன்று அதன்மேல் பாலம் இருக்கிறது, ஒரு நிமிடத்தில் கடந்துவிடலாம். உடனே கடந்துவிடாதீர்கள், நடுவில் நின்று கீழே எட்டிப் பாருங்கள். அந்தக் காலத்தில் இங்கே இருந்தது இழுத்துக்கொள்ளக்கூடிய மரப்பாலம். அதை எடுத்துவிட்டால் எதிரே பத்துப் பேர் நின்றாலே போதும், கீழேயிருந்து வரும் படை அப்படியே நிற்க வேண்டியதுதான். செஞ்சியின் பலம் முழுவதையும் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

மேலே அரங்கநாதர் கோயிலும் களஞ்சியமும் இருக்கின்றன. அவ்வளவு உயரத்தில் களஞ்சியம் எதற்கு என்ற கேள்விக்கு விடை 1690இல் தொடங்கிய முற்றுகையில் இருக்கிறது. மராட்டிய அரசர் ராஜாராம் இங்கே தங்கியிருக்க, முகலாயத் தளபதி சுல்பிகார் கான் கோட்டையைப் பிடிக்க 1698 வரை ஆனது. எட்டு ஆண்டுகள்! மதில் மட்டும் இருந்தால் அவ்வளவு காலம் தாங்காது. நெல்லும் தண்ணீரும் வேண்டும். அதே கோட்டையை 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்துவிட்டார். பாறையும் மதிலும் அதேதான். காவல் தளர்ந்தால் எந்தக் கோட்டையும் அவ்வளவுதான் தாங்கும்.

இறங்கியதும் நேராகப் பேருந்துக்கு ஓட வேண்டாம். கீழ்க்கோட்டைக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கமான் கமானாக வளைந்த கூரை கொண்ட பெரிய களஞ்சியம், யானைக்குளம், பல அடுக்காக எழும் கல்யாண மகால் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கல்யாண மகாலின் மேல்மாடிக்கே வெளியிலிருந்த குளத்துத் தண்ணீரைச் சுட்ட மண்குழாய் வழியாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். மலையேற முடியாத பெரியவர்கள் உடன் வந்தால், அவர்களுக்கு இந்தப் பகுதி மட்டுமே நிறைவான நாளாகும்.

கால் இன்னும் ஒத்துழைத்தால் கிருஷ்ணகிரி ஏறலாம், ராஜகிரியைவிடச் சிறியது. இரண்டையும் ஒரே நாளில் ஏறித்தான் ஆக வேண்டும் என்றில்லை. எங்களைக் கேட்டால், அந்த நேரத்தை வேங்கடரமணர் கோயிலுக்குக் கொடுக்கச் சொல்வோம். கீழ்க்கோட்டையின் கிழக்குப் பக்கம் தனியே இருப்பதால் பலர் கண்ணில் படுவதில்லை. கோபுர வாயிலுக்குள் இருபுறச் சுவர்களிலும் இராமாயணக் காட்சிகளும் பாற்கடல் கடைவதும் சிறு சிறு புடைப்புச் சிற்பங்களாக இருக்கின்றன. சாய்ந்த வெயிலில்தான் அவை தெளிவாகத் தெரியும். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்களும் செஞ்சியிலிருந்து போனவைதான்.