உங்களுக்கு எதற்கு இது, அண்ணாச்சி?

எங்கள் டிப்போ பஸ் டிரைவர் அண்ணாச்சியை, குடித்திருக்கிறாரா என்று காட்டும் கருவியில் ஊதச் சொல்லாமல் அனுப்பியது தப்பு என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. அதற்கு அவர் கோபப்பட்டதும் நியாயம் என்றே படுகிறது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்பதுதான் பிடிபடவில்லை.

ஆடி அமாவாசைக்கு முந்தைய நாள் விடியற்காலை அது. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குச் சிறப்பு பஸ்கள். வெளியே பாத்திரம் பண்டங்களோடு குடும்பம் குடும்பமாக ஜனம். உள்ளே டிரைவர்கள் ஒவ்வொருவராகக் கருவியில் ஊதிவிட்டு டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் முறை வந்ததும் சொன்னேன்: “நீங்கள் போங்கள் அண்ணாச்சி. உங்களுக்கு எதற்கு இது?”

மரியாதையாகத்தான் சொன்னேன். ஒரு காலத்தில் குடியால் சஸ்பெண்ட் ஆனவர், விட்டு வருஷக்கணக்காகிறது. மூட்டுவலிக்கு வைத்தியர் கொடுத்த அரிஷ்டத்தைக்கூட, நொதித்து ஊறிய சரக்கு என்று ஒதுக்கியவர். அப்படிப்பட்டவரைத் தினமும் சந்தேகத்தோடு நிறுத்துவது எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் நகரவில்லை. “கருவியைக் கொடுங்கள் சார்” என்றார். பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். “நேரமாகிறது, வண்டியை எடுங்கள்” என்றேன். போய்விட்டார்.

மலைப்பாதையில் போகும் வண்டியை அப்படி அனுப்பலாமா என்று கேட்கலாம். முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா என்பேன். ஆனால், பழகிய உடம்பு தள்ளாடாது. 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினால் சட்டப்படி குற்றம். அந்த அளவைக் கண்ணால் எடை போட முடியாது. ராத்திரி நிறையக் குடித்தவன் விடியற்காலையில் குளித்துக் காப்பி குடித்து வந்து நின்றாலும், கல்லீரல் தன் வேகத்தில்தான் அதைக் கரைக்கும். இதெல்லாம் தெரிந்துதான் சொன்னேன். அவரைத் தெரியும் என்பதால் சொன்னேன்.

சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்தவர் நேரே என் மேஜைக்கு வந்தார்.

“ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு நாக்கு நமநமக்கும் சார். காலையில் சாரிடம் ஊத வேண்டுமே என்ற நினைப்பு அப்போது வரும். அதையும் நீங்கள் எடுத்துவிட்டால் நான் எதைப் பிடித்துக்கொண்டு படுப்பது?”

“இத்தனை வருஷத்துக்குப் பிறகுமா?”

“இன்றைக்கு ராத்திரி புதிதுதானே சார்.”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. கருவிக்குப் பயந்து குடிக்காமல் இருப்பவர் திருந்தியவரா? மாற்றம் உள்ளிருந்து வர வேண்டாமா? இப்படிக் கேட்கும் எனக்குச் சர்க்கரை நோய். அல்வாக் கடை வாசலைத் தாண்டித்தான் தினமும் வேலைக்கு வருகிறேன். பக்கத்தில் மனைவி இருந்தால் தாண்டுவது சுலபம். தனியாக வரும் நாட்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

மறுநாளிலிருந்து யாருக்கும் விலக்கில்லை. அதிலும் ஒரு சிக்கல் வந்தது. வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத இளம் டிரைவர் ஒருவர், தினமும் ஊதச் சொல்வது தன்னை அவமானப்படுத்துவது போல இருக்கிறது என்று முறையிட்டார். அவர் சொன்னதிலும் பிழை இல்லை. விதி விதிதான் என்று அவரை அனுப்பினேன். ஆனால் நான் விதியைப் பிடித்துக்கொண்டது விதிக்காக அல்ல, வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற அண்ணாச்சிக்காக. ஒருவருடைய பிடிமானத்துக்கு இன்னொருவரின் தன்மானத்தைச் செலவழிக்கலாமா? தெரியவில்லை.

அடுத்த வருஷம் அண்ணாச்சி ஓய்வு பெறுகிறார். அதன்பிறகு அவரை யார் ஊதச் சொல்வார்கள் என்று எனக்குள் ஒரு கவலை. ஏதோ நான்தான் அவரைத் தாங்கிக்கொண்டிருப்பது போல. போன வாரம் கேட்டேவிட்டேன்.

சிரித்தார். வாரம் தவறாமல் பாளையங்கோட்டையில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகிறாராம். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் குடியை விடுவதற்காக ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றதில் தொடங்கிய இயக்கம் அது. அங்கே யாரும் ‘இனி ஆயுளுக்கும் தொடமாட்டேன்’ என்று சத்தியம் செய்வதில்லை, இன்று ஒரு நாள் என்றுதான் பேச்சு என்றார். ராத்திரி தாங்க முடியாமல் போனால் கூப்பிட அங்கே ஒருவர் இருக்கிறாராம். இவரைக் கூப்பிடுகிறவர்களும் உண்டாம்.

“நீங்கள் ஒருவர்தான் என்று நினைத்துவிட்டீர்களா சார்?”

எனக்குக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது.