கழுத்துவரை மூடிய சட்டை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே என் கணவர் மாஷ் (மலையாளத்தில் வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கையிலிருந்து ரிமோட்டை வாங்கி நிறுத்திவிட்டேன். 'சம்திங்ஸ் காட்டா கிவ்' என்ற இங்கிலீஷ் படம், 2003-ல் வந்தது. கழுத்துவரை மூடிய சட்டையை மட்டுமே போடுகிற நாடக எழுத்தாளராக டயான் கீட்டன் வருகிறார். ஒரு கட்டத்தில் அந்தச் சட்டையை வெட்டிவிடச் சொல்கிறார். ஜாக் நிக்கல்சன் கத்தரிக்கோலால் கீழிருந்து கழுத்துவரை ஒரே இழுப்பாக வெட்டுகிறார்.

முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிறவள் நான். பின்னல் துணியை அப்படி வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும், திரும்பத் தைத்து உடுத்த முடியாது. அது அந்த அம்மாவுக்கும் தெரியாமல் இருக்காது. தெரிந்துதான் வெட்டச் சொல்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "எடோ, எந்து பற்றி?" என்று, என்ன ஆச்சோ என்று மாஷ் பதறிப்போனார். கொஞ்ச நேரம் சும்மா இருங்க என்றேன்.

எனக்கு வயது 54. கேரளாவில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் தையல் கடை. மாஷை ரெஜிஸ்டர் கல்யாணம் செய்து இரண்டாவது வருஷம் நடக்கிறது. அதற்கப்புறம்தான் வயதானபின் வரும் காதலைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் படங்களைத் தேடித்தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். இதில் நல்ல படம் எடுப்பது ரொம்பக் கஷ்டம். கிழவனுக்கு வந்த ஆசையைப் பார் என்று கைகொட்டிச் சிரிக்க வைப்பது சுலபம். அப்படி எடுத்ததைப் பாதியிலேயே அணைத்துவிடுவேன். இன்னொரு வகை, ஆணுக்கு மட்டும் வயதாகிறது, பெண்ணுக்கு ஆவதே இல்லை. 'சீனி கம்' (2007) எனக்குப் பிடித்த படம்தான். இளையராஜா தன் பழைய மெட்டுகளை அதில் மறுபடி எடுத்து வைத்திருப்பார். ஆனால் அமிதாப்புக்கு 64, தபுவுக்கு 34. ஐம்பதைத் தாண்டிய பெண்ணை ஒருவன் ஆசையாகத் திரும்பிப் பார்ப்பதைக் காட்டும் படம்தான் எனக்கு வேண்டும்.

கீட்டன் படத்தின் தொடக்கமும் அதேதான். முப்பதுக்கு மேற்பட்ட பெண்ணோடு பழகியே பார்க்காத 63 வயது ஆள், புதுக் காதலியின் அம்மா வீட்டுக்குப் போகிறான், அங்கே நெஞ்சுவலி வந்து படுக்கிறான். பார்த்துக்கொள்வது அந்த அம்மா. அப்புறம் அவர்களுக்குள் நடப்பதெல்லாம் எங்கள் வீட்டில் நடப்பதுதான். கண்ணாடி மாறிப்போகிறது, ஆசைக்கு நடுவில் பிரஷர் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டிலும் பிரஷர் மெஷின் டிவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாஷ் என் கையில் பட்டையைச் சுற்றி, எண் ஏறி இறங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். அந்த முகத்தை ஒரு படத்தில் பார்த்ததும், இதுவும் காதல் காட்சிதான் என்று யாரோ எனக்குச் சொன்னதுபோல இருந்தது.

மலையாளத்தில் 'சால்ட் அண்ட் பெப்பர்' (2011). லாலும் ஸ்வேதா மேனனும். ஒரு தோசை ஆர்டர் ராங் நம்பராகப் போய்த் தொடங்குகிறது. லாலுக்குச் சாப்பாட்டின் மேல் அவ்வளவு பித்து. பெண் பார்க்கப் போன வீட்டில் உண்ணியப்பம் பிடித்துப்போய், அதைச் செய்த சமையல்காரரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறவர். இவருக்கும் நேரில் பார்க்கத் தைரியம் வராது, அந்தப் பெண்ணுக்கும் வராது. தங்களுக்குப் பதிலாக இளசுகளை அனுப்புகிறார்கள். நாற்பதுக்கு மேல் கண்ணாடி முன்னால் நின்ற யாருக்கும் அந்தப் பயம் தெரியும். இதையே பிரகாஷ்ராஜ் 2014-ல் தமிழில் 'உன் சமையலறையில்' என்று எடுத்தார். எனக்கு மலையாளப் படம்தான் ஒரு படி மேலே.

நானும் மாஷும் முதலில் பேசியது ஒரு பேண்ட்டைப் பற்றி. லேடீஸ் டெய்லர் என்றாலும் ஆல்டரேஷன் யார் கொண்டுவந்தாலும் செய்வேன். நெம்மாராப் பக்கம் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர், எங்கள் ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருந்தார். நான்கு பேண்ட்டுகளைக் கொடுத்து இரண்டிரண்டு இஞ்ச் இடுப்புப் பிடிக்கச் சொன்னார். மனைவி போன பிறகு இளைத்துவிட்டேன் என்று அவராகவேதான் சொன்னார். அதிகப்படித் துணியை வெட்டிப் போடாமல் உள்ளேயே மடித்துத் தைத்துவிட்டேன். "வெட்டல மாஷே, உள்ளதான் இருக்கு. உடம்பு தேறினா பிரிச்சுக்கலாம்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் தன்னை மறுபடி கடைக்கு வரவைத்தது என்று இன்றைக்கும் சொல்வார். நான்கு பேண்ட்டையும் போன வருஷம் பிரித்தாயிற்று.

'வரனே ஆவஷ்யமுண்டு' (2020) சென்னையில் நடக்கும் மலையாளப் படம். சத்யன் அந்திக்காடின் மகன் அனூப் சத்யன் எடுத்தது. மகளைத் தனியே வளர்த்த ஷோபனா, கோபக்கார மேஜர் சுரேஷ் கோபி. 1993-ல் 'மணிச்சித்திரத்தாழி'ல் கணவன் மனைவியாகப் பார்த்த அதே இருவர். இடையில் ஓடிய 27 வருஷம் அவர்கள் முகத்திலும் இருக்கிறது, பார்க்கும் நம் முகத்திலும் இருக்கிறது. இந்தப் படத்தில் தடுப்பது ஊரோ வில்லனோ இல்லை, மகள். வயசுப்பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் காவல் இருந்ததுபோய், பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் காவல்.

என் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் மூன்று மாதம் போன் எடுக்கவில்லை. அவன்மேல் எனக்கு அன்றும் கோபமில்லை. அப்பா போனபோது அவனுக்குப் பதினைந்து வயது. அம்மா என்றால் தையல் மெஷின் சத்தம் என்றே வளர்ந்தவனுக்கு, அம்மாவுக்கும் ஒரு மனசு உண்டு என்று புரிய மூன்று மாதம் அதிகமில்லை. மாஷ் கிறிஸ்தவர், அதனால் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தோம். 30 நாள் நோட்டீஸ் போடுவார்கள். ஊரில் பாதிப்பேர் எங்கள் வயதைப் போர்டில் படித்துவிட்டார்கள். பதிவுக்கு மூன்று சாட்சி வேண்டும். இரண்டு பேர்தான் உறுதியாக இருந்தார்கள். அன்றைக்குக் காலையில் மகன் பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து இறங்கினான். நான் தைத்துக் கொடுத்த சட்டையைத்தான் போட்டிருந்தான். மூன்றாவது கையெழுத்து அவனுடையது.

இந்தப் படங்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. எல்லோரிடமும் வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது. கீட்டனுக்குக் கடலைப் பார்த்த பங்களா. காதலித்தால் ஒரு வருமானம் நின்றுபோகும் என்ற பயம் யாருக்கும் இல்லை. கேரளாவில் விதவைப் பென்ஷன் வாங்கும் பெண், அறுபது வயது ஆகும்வரை, மறுமணம் செய்யவில்லை என்று வருஷா வருஷம் சர்ட்டிபிகேட் கொடுக்க வேண்டும். வில்லேஜ் ஆபீஸரிடமோ கெசட்டட் ஆபீஸரிடமோ கையெழுத்து வாங்கிப் பஞ்சாயத்தில் கொடுப்போம். நான் வாங்கும்போது மாதம் 1600 ரூபாய். கடை வாடகைக்கு அது பெரிய ஆதரவு. மாஷ் மேல் மனசு போன பிறகும் ஒரு வருஷம் அந்தப் பேப்பரைக் கொடுத்தேன். எழுதியதில் பொய் இல்லை, இருந்தும் கை நடுங்கியது. அந்த வரிசையில் என்னோடு நின்ற எத்தனை பேர் ஒரு ஆசையை மடித்து உள்ளே வைத்துத் தைத்திருப்பார்களோ! அவர்களில் ஒருத்தியைப் பற்றி யாராவது நல்ல, சிரிக்க வைக்கிற படம் எடுக்க வேண்டும். தமிழிலும் மலையாளத்திலும் கலந்து பேசட்டும், எங்களுக்குப் புரியும்.

கல்யாணம் முடிந்த மறுவாரம், பென்ஷனை நிறுத்தச் சொல்லி எழுதிக்கொண்டு பஞ்சாயத்துக்குப் போனேன். வருஷா வருஷம் என் சர்ட்டிபிகேட்டை வாங்கி வைக்கும் அதே பெண்தான் சீட்டில் இருந்தாள். படித்தாள், இன்னொரு தரம் படித்தாள். எழுந்து நின்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சேச்சி, பிரியாணி எவிடே?"

மறுநாள் மத்தியானம் மாஷும் நானும் பெரிய தூக்குப் போசியில் கொண்டுபோனோம். ஆபீஸில் மொத்தம் பதினொரு பேர் சாப்பிட்டார்கள்.