வீட்டு சர்வருக்கு டனல்: கடைசியில் வயர்கார்டு

வீட்டில் பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் (ஒரு லினக்ஸ்) போட்டு போட்டோ, பேக்கப் எல்லாம் வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து அதைத் தொட முடியாது. ரூட்டருக்குக் கிடைக்கும் முகவரியே 100.64 என்று தொடங்குகிறது, அதாவது சிஜிநாட் (இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பது), அதனால் ரூட்டரில் ஒரு போர்ட்டை வெளியிலிருந்து உள்ளே திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் பேச்சுக்கே இடமில்லை. நேரடி முகவரி தரும் புதிய ஐபிவி6 இருக்கிறதே என்பீர்கள். வீட்டில் இருக்கிறது, நான் போகும் எல்லா இடத்திலும் இல்லை. சரி என்று பொது முகவரியுள்ள ஒரு சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்து, யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி 14 போட்டேன். வீட்டு லேப்டாப் அங்கே இணைந்து நிற்க, நான் அதன் வழியாக வீட்டுக்குள் வரும் பாதைதான் டனல். அதில் எந்த டனல் சர்வரை ஓட்டுவது என்பதுதான் கேள்வி.

முதலில் எஸ்எஸ்ஹெச், தொலைவிலிருந்து லாகின் செய்யும் வழி. எதுவும் நிறுவ வேண்டாம், விபிஎஸ்ஸின் போர்ட்டை வீட்டுக்குத் திருப்பும் ரிமோட் ஃபார்வர்டிங் ஒரே வரி, திறக்கும் போர்ட்டும் நாம் வேறு மாதிரி சொல்லாதவரை லூப்பேக்கில் (அந்த மெஷினுக்குள்) மட்டுமே திறக்கும். ஆனால் எல்லாப் போக்குவரத்தும் ஒரே டிசிபி இணைப்பில் போவதால், ஒரு பாக்கெட் தொலைந்தால் அது திரும்ப வரும்வரை பின்னால் உள்ளவை எல்லாம் நிற்கும். பேக்கப் ஓடும்போது டெர்மினலில் தட்டினால் எழுத்து வர நேரமாகிறது.

ஓபன்விபிஎன் 2001 முதல் இருக்கிறது, வெப் தளங்கள் பயன்படுத்தும் டிசிபி 443 போர்ட்டிலும் ஓடும், அது பெரிய பலம். ஆனால் இரண்டே மெஷினுக்கு சான்றிதழ், அதை வழங்கும் சிஏ என்று நடத்தப் பொறுமை இல்லை. உள்ளே இருக்கும் சேவையை வெளியே காட்டும் எஃப்ஆர்பி நன்றாகவே இருக்கிறது, ஒரே பைனரி, வெப் சேவை ஒன்றிரண்டை வெளியே காட்ட மட்டும் என்றால் அதையே சொல்வேன். எனக்கு முழு நெட்வொர்க் வேண்டும்.

அதனால் வயர்கார்டு என்ற விபிஎன். லினக்ஸ் கர்னலில் 5.6 முதல் இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் கதை கொஞ்சம் சுவாரசியம்: 13.0-வுக்காக எழுதிய கோடு தரமில்லை என்று 2021-இல் வெளியீட்டுக்குச் சற்று முன் எடுத்துவிட்டு, திருத்தி எழுதியதை 13.2-இல் சேர்த்தார்கள். இப்போது டூல்ஸ் பேக்கேஜ் மட்டும் போட்டால் போதும். சாவி இல்லாதவனுக்கு பதிலே சொல்லாது, ஸ்கேன் செய்தால் அங்கே எதுவும் இருப்பதாகவே தெரியாது, இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வழியிலுள்ள நாட் இணைப்பை மறந்துவிடாமல் இருக்க வீட்டுப் பக்கத்தில் கீப்அலைவ் (அவ்வப்போது ஒரு சின்ன பாக்கெட்) 25 விநாடிக்கு ஒருமுறை.

கஷ்டம் வந்தது எம்டியூவில், அதாவது ஒரு பாக்கெட் எத்தனை பைட் வரை இருக்கலாம் என்ற அளவில். விபிஎஸ்ஸின் ஐபிவி4 முகவரியை எண்ட்பாயிண்டாக (இணைய வேண்டிய முகவரியாக) வைத்தால் எல்லாம் ஓடுகிறது, ஐபிவி6 முகவரியை வைத்தால் பிங் போகிறது, லாகின் ஆகிறது, பெரிய பக்கம் மட்டும் தொங்குகிறது. வயர்கார்டின் இயல்பான எம்டியூ 1420-உடன் டனலின் தலைப்புகள் ஐபிவி4-இல் 60 பைட் சேர்ந்து 1480, ஐபிவி6-இல் 80 சேர்ந்து 1500. என் வீட்டு இணைப்பு பிபிபிஓஇ (ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் எடுத்துக்கொள்ளும் முறை), அதில் 1492-க்கு மேல் போகாது. இரண்டு முனையிலும் 1412 வைத்ததும் சரியாகிவிட்டது.

வயர்கார்டு டிசிபியில் அல்ல, யூடிபியில்தான் ஓடும்; யூடிபியை அடைக்கும் வைஃபையில் அது செத்துவிடும், அதற்காக எஸ்எஸ்ஹெச் டனலையும் விட்டுவைத்திருக்கிறேன். அடுத்து ஃப்ரீபிஎஸ்டியின் ஃபயர்வாலான பிஎஃப்-இன் விதிகளை எழுத வேண்டும், இப்போதைக்கு எஞ்சின்எக்ஸ் வெப் சர்வர் முன்னால் நின்று சமாளிக்கிறது.