கீழ்வீட்டு மொட்டைமாடி, மேல்வீட்டு வாசல்: மதுரையிலிருந்து மாசூலே

மதுரைக்காரர்களுக்கு மலை ஊர் என்றால் ஒரே கணக்குதான். விடிகாலையில் ஆரப்பாளையத்தில் பஸ், வத்தலக்குண்டில் ஒரு டீ, பகலெல்லாம் கொடைக்கானல், ராத்திரி வீட்டுச் சாப்பாடு. ஈரானில் உள்ள மாசூலேவுக்கு இதே கணக்கோடு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ராஷ்த் நகரில் தங்கிக்கொண்டு, பதினொரு மணிக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்பினால் பார்க்கக் கிடைப்பது கூட்டத்தின் முதுகு. அந்த ஊரில் ஒரு ராத்திரி படுத்து எழுந்திருக்க வேண்டும். மற்ற ஏற்பாடெல்லாம் அந்த ஒரு ராத்திரிக்காகத்தான்.

கசப்பான விஷயம் முதலில். 2025 ஜூனில் இஸ்ரேலோடு போர் மூண்டபோது ஈரானின் வான்வழி மூடப்பட்டது. அங்கிருந்த இந்தியர்களை ‘ஆபரேஷன் சிந்து’ என்ற பெயரில் அரசு மீட்டுக் கொண்டுவந்தது. ஆகவே டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன்னால் வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுறுத்தலைப் படியுங்கள். போக வேண்டாம் என்று அதில் இருந்தால் போகாதீர்கள். போரால் வரும் இழப்பைப் பயணக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை, ஏஜென்ட் என்ன சொன்னாலும் சரி. நிலைமை சீராகும்வரை, கொடைக்கானல் மலைக் கிராமமான பூம்பாறை பக்கத்திலேயே இருக்கிறது.

அடுத்தது விசா. 2024 பிப்ரவரி 4 முதல் இந்தியர்கள் விமானத்தில் போனால் 15 நாள் விசா இல்லாமலே இருக்கலாம் என்று ஈரான் அறிவித்திருந்தது. அந்தச் சலுகையை 2025 நவம்பர் 22 முதல் நிறுத்திவிட்டார்கள். வேலை வாங்கித் தருவதாகவும் வேறு நாட்டுக்கு அனுப்புவதாகவும் ஆசை காட்டி நம் ஆட்களை அங்கே வரவழைத்து, கடத்திப் பணம் பறித்த சம்பவங்கள்தான் காரணம். ஆனால் யூடியூபில் ‘ஈரானுக்கு விசாவே வேண்டாம்’ என்ற பழைய வீடியோக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதை நம்பி டிக்கெட் போட்டுவிடாதீர்கள். தூதரகம் டெல்லியில், துணைத் தூதரகங்கள் மும்பையிலும் ஹைதராபாத்திலும். சென்னையில் கிடையாது. விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். இஸ்ரேல் முத்திரை விழுந்த பாஸ்போர்ட் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நம்மூர்ப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. இனிஷியலோடு வாழ்கிறவர்களுக்கு பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே கிடக்கும். விசா, டிக்கெட், காப்பீடு மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் ஒரே மாதிரி நிரப்புங்கள். மதுரையிலிருந்து ஈரானுக்கு நேர் விமானம் இல்லை. துபாய் வழியாகவோ டெல்லி, மும்பை வழியாகவோதான். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு அமீரகம் 2022 நவம்பர் முதல் சுற்றுலா விசாவில் கெடுபிடி செய்கிறது. துபாயில் இறங்கி ஒருநாள் ஊர் சுற்றிவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்கள் அதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். துபாய் வழி என்றால் பெட்டியில் கசகசா இருக்கக் கூடாது. நமக்குக் குருமா மசாலா, அவர்களுக்குப் போதைச் செடியின் விதை. அம்மா அரைத்துக் கொடுத்த கறிமசால் பொட்டலத்தில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

தெஹ்ரானின் இமாம் கொமெய்னி விமான நிலையம் ஊருக்குத் தெற்கே வெகு தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து டாக்சி பிடித்து, ஆசாதி சதுக்கத்துக்கு அருகே உள்ள மேற்குப் பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டும். ராஷ்துக்கு அங்கிருந்துதான் பஸ். 320 கிலோமீட்டர் சொச்சம், ஐந்து மணி நேரத்தை ஒட்டிப் பிடிக்கும். ‘விஐபி’ என்று போட்ட பஸ்ஸில் வரிசைக்கு மூன்றே இருக்கை, கால் நீட்டிப் படுக்கலாம். நம் ஆம்னி பஸ்ஸைவிட வசதி. தனியாகப் போகும் பெண்ணின் பக்கத்தில் அறிமுகமில்லாத ஆணை உட்கார வைக்க மாட்டார்கள். அதனால் ஏறியபின் இடம் மாற்றச் சொன்னால் சண்டைக்கு நிற்க வேண்டாம்.

இந்தப் பயணத்தைப் பகலில் செய்யுங்கள். கஸ்வீன் தாண்டி மஞ்சீல் வரை மலையெல்லாம் மொட்டையாக, காய்ந்த மண் நிறத்தில் வரும். மஞ்சீலில் காற்று ஆளைத் தள்ளும். செஃபீத்ருத் ஆறு மலையை அறுத்துப் போன இடைவெளி அது, கடல் பக்கத்துக் காற்று முழுக்க அந்தச் சந்துக்குள்தான் புகுந்து வருகிறது. நம் ஆண்டிபட்டிக் கணவாய் மாதிரி அங்கேயும் காற்றாலைகளை நிறுத்தியிருக்கிறார்கள். அடுத்து ரூத்பார், ரோட்டோரமெல்லாம் ஆலிவ் கடை. அதைத் தாண்டியதும் பச்சை. கம்பத்திலிருந்து குமுளி ஏறும்போது சட்டென்று நிறம் மாறுமே, அதேதான். காஸ்பியன் கடலின் ஈரம் மலையில் முட்டி வடக்குப் பக்கமே கொட்டிவிடுகிறது, தெற்கே போவது வறட்டுக் காற்று. கீலான் மாகாணத்தில் இறங்கியதும் வயல்கள் தெரியும். நெல் வயல்தான். சோழவந்தான் பக்கம் போல நாற்று நட்டு, தண்ணீர் கட்டி வைத்திருப்பார்கள்.

ராஷ்திலிருந்து மாசூலே சுமார் 60 கிலோமீட்டர். நேரடி வண்டியைத் தேடாமல், முதலில் ஃபூமனுக்கு ஷேர் டாக்சி, அங்கிருந்து மாசூலேவுக்கு இன்னொன்று என்று மாறுவது சுலபம். ஷேர் டாக்சிக்கு ‘சவாரி’ என்றுதான் பெயர், சொல்லிக் கேட்டால் காட்டுவார்கள். நான்கு பேர் சேர்ந்தால் கிளம்பும். அவசரமாக ஏறி உட்கார்ந்தால் டிரைவர் ‘தர்பஸ்த்?’ என்பார். முழு வண்டியும் உங்களுக்கா என்று கேட்கிறார். தலையாட்டினால் நான்கு பேர் காசு. நம் ‘பந்தோபஸ்து’வில் உள்ள அதே பஸ்து, கட்டி மூடியது என்று பொருள். பஜார், ரசீது, தஸ்தாவேஜு, குமாஸ்தா எல்லாம் அங்கிருந்து நம்மிடம் வந்த சொற்கள்தாம். காதைக் கொடுத்தால் பாதி வழி தெரிந்த ஊர் மாதிரி இருக்கும்.

இனி ஊர். மாசூலே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,050 மீட்டர், கொடைக்கானலில் பாதி உயரம். ஆனாலும் குளிர்காலத்தில் பனி விழும். கொடை நிலநடுக்கோட்டிலிருந்து பத்து டிகிரியில், மாசூலே முப்பத்தேழில். ஊரின் அடியிலிருந்து உச்சி வரை 100 மீட்டர் உயர வித்தியாசம். மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் வரும் உயரம் அது. சரிவு செங்குத்து என்பதால் தெருவுக்கு இடம் ஒதுக்க முடியவில்லை. கீழ் வரிசை வீட்டின் தட்டையான கூரையையே மேல் வரிசை வீட்டுக்கு முற்றமாகவும் ஊருக்குத் தெருவாகவும் ஆக்கிக்கொண்டார்கள். நாம் வடாம் காயப்போடும் மொட்டைமாடியில் அங்கே ஊரே நடக்கிறது. வண்டி எதுவும் உள்ளே வராது, சைக்கிள்கூட ஓட்ட வழியில்லை. சுவர்களுக்கு மஞ்சள் மண் பூச்சு. மூடுபனியில் வீடு கண்ணுக்குத் தெரியட்டும் என்றுதான் அந்த நிறம் என்கிறார்கள்.

இதனால் சில விஷயங்களை மனதில் வைக்க வேண்டும். காலுக்குக் கீழே ஒரு குடும்பம் இருக்கிறது. பிள்ளைகளைக் குதிக்க விடாதீர்கள். கூரை விளிம்பில் கைப்பிடிச் சுவர் எல்லா இடத்திலும் இருக்காது. செல்ஃபி எடுக்கப் பின்னால் நகர்ந்தால் அடுத்த அடி ஒரு மாடி கீழே. மழை நனைத்த படியில் வழவழப்பான அடிப்பாகம் கொண்ட செருப்பு வழுக்கும், பள்ளம் பள்ளமாக ரப்பர் உள்ள ஷூ வேண்டும். உருட்டுப் பெட்டி கூடவே கூடாது. சக்கரம் முதல் படியிலேயே அலங்காரப் பொருளாகிவிடும், பிறகு இருபது கிலோவைத் தலையில் சுமக்க வேண்டியதுதான். பெரிய பெட்டியை ராஷ்த் ஹோட்டலில் போட்டுவிட்டு, ஒரு நாள் துணியை முதுகுப் பையில் எடுத்துப் போவதே உத்தமம். முழங்கால் வலி உள்ளவர்கள் அடிவரிசையிலேயே அறை கேளுங்கள்.

ஊர் வாசலிலேயே ‘சுயிட்’, ‘ஒத்தாக்’ என்று கூப்பிடுவார்கள். முதலாவது சமையல் மேடையோடு சேர்ந்த வீட்டுப் பகுதி, இரண்டாவது வெறும் அறை. விலை பேசும் முன் மூன்றைப் பாருங்கள்: எத்தனை படி ஏற வேண்டும், வெந்நீர் வருகிறதா, கணப்பு எப்படி எரிகிறது. மூன்றாவதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். அறைகளில் ‘புகாரி’ என்னும் கேஸ் கணப்பு இருக்கும். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ, புகைக்குழாய் சுவரில் சரியாகப் பொருந்தாமல் ஆடினாலோ அந்த அறை வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். நல்ல கணப்பாக இருந்தாலும் ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைத்துப் படுங்கள். பாஸ்போர்ட்டைக் கேட்டுப் பதிவு செய்வார்கள். கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு, நம்மிடம் பொதுவான குடும்பப் பெயர் இல்லாததால் திருமணச் சான்றிதழின் நகல் கையில் இருப்பது நல்லது. ஒரு நிம்மதியும் உண்டு: கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்கும்.

சாயங்காலம் வந்துபோகிற கூட்டம் வடிந்தபின் ஊர் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பிக்கும். காலை ஆறரை ஏழு மணிக்கு எழுந்து மேல் வரிசைக்கு ஏறுங்கள். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி படிப்படியாக மேலே வரும். முதலில் கீழ்க்கூரை மறையும், அப்புறம் ஜன்னலில் உள்ள ஜெரேனியத் தொட்டிகள், கடைசியில் நீங்கள் நிற்கும் கூரை. பத்து நிமிடத்தில் விலகவும் செய்யும். பகலில் வந்துபோகிறவர்களுக்கு இது கிடைப்பது அபூர்வம். ஜன்னல்கள் தெரு மட்டத்திலேயே இருப்பதால் கேமராவை உள்ளே நீட்டாதீர்கள். வாசலில் கம்பளிக் காலுறை பின்னி விற்கும் பாட்டியைப் படமெடுக்க வேண்டுமென்றால் ‘கானும், அக்ஸ்?’ (அம்மா, ஒரு படம்?) என்று கேமராவைக் காட்டினால் போதும். வேண்டாமென்றால் தலையை மேலே தூக்குவார். அது ‘சரி’ இல்லை, ‘மாட்டேன்’.

போகும் நாளும் முக்கியம். மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். வெள்ளி அங்கே விடுமுறை, வியாழன் மாலையே தெஹ்ரான் கார்கள் வரிசை கட்டும். ஞாயிறு முதல் புதன் வரை தங்குங்கள். மார்ச் 20, 21-ல் தொடங்கும் நவ்ரூஸ் புத்தாண்டை ஒட்டிய இரண்டு வாரமும் சித்திரைத் திருவிழாவில் மாசி வீதி மாதிரி. ரம்ஜான் மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடை திறந்திருக்காது.

பணம்தான் பலரையும் விழவைக்கிற இடம். நம் டெபிட், கிரெடிட் கார்டு எதுவும் வேலை செய்யாது, ஏடிஎம்மும் உதவாது. முழுச் செலவுக்கும் டாலரோ யூரோவோ நோட்டாக எடுத்துப் போக வேண்டும். மடிப்பு, கிறுக்கல், கிழிசல் இல்லாத நோட்டாக இருக்கட்டும். ‘சராஃபி’ கடையில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். நோட்டில் அச்சிட்டிருப்பது ரியால், வாயில் சொல்வது தோமான். ஒரு தோமான் பத்து ரியால். அதிலும் ஆயிரத்தை விழுங்கிவிடுவார்கள்: ‘பஞ்சா’ என்றால் ஐம்பதாயிரம் தோமான், அதாவது ஐந்து லட்சம் ரியால். சந்தேகம் வந்தால் செல்போனில் எண்ணைத் தட்டச் சொல்லுங்கள். விலைப்பலகையில் இருப்பது பாரசீக எண்கள். சைபர் ஒரு புள்ளி, ஒன்று ஒரு கோடு, ஐந்து நுனி மேலே பார்க்கப் பிடித்த வெற்றிலை, ஏழு நிமிர்ந்த கிண்ணம், எட்டு கவிழ்த்த கூரை. இந்த ஐந்தும் தெரிந்தாலே பெரிதாக ஏமாற மாட்டீர்கள்.

காசு கொடுக்கும்போது டாக்சிக்காரர் ‘காபெல் நதாரே’ என்பார். பெரிய விஷயமில்லை, வேண்டாம் என்று பொருள். நன்றி சொல்லி இறங்கிவிட்டால் பின்னாலேயே வருவார். ‘தாரோஃப்’ என்னும் உபசாரம் அது. நம் வீட்டில் வந்தவர் ‘காபியெல்லாம் வேண்டாம்’ என்பதும், நாம் டம்ளரை நீட்டுவதும் போலத்தான். இரண்டு மூன்று முறை வற்புறுத்திக் கொடுத்துவிடுங்கள்.

கீலான் சாப்பாடு நம் நாக்குக்கு ஒத்துப்போகும், மிளகாயை மட்டும் மறந்துவிட வேண்டும். மீர்ஸா காசெமி என்பது சுட்ட கத்தரிக்காயை மசித்து, பூண்டு, தக்காளி, முட்டை சேர்த்தது. கத்தரிக்காய் கொத்சுவுக்குத் தூரத்துச் சொந்தம். பாகலா காதோக் பயறும் சோயிக்கீரையும் முட்டையும். இரண்டையும் ‘கத்தே’ என்னும் குழைவான சோற்றோடு தருவார்கள். ஊறிய பூண்டு ஊறுகாயை விடாதீர்கள், ஆண்டுக்கணக்கில் வினிகரில் கிடந்து கருத்துப்போன பல் இனிப்பாக இருக்கும். சைவக்காரர்கள் ‘கூஷ்த் வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் கோழி வந்து நிற்கும், அவர்கள் பேச்சில் கூஷ்த் என்றால் ஆட்டு, மாட்டு இறைச்சி. ‘ந கூஷ்த், ந மோர்க்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆஷ் என்னும் கெட்டிச் சூப்பில் எலும்புச் சாறு சேர்ந்திருக்கலாம், கேட்காமல் வாங்க வேண்டாம்.

பெண்களுக்குத் தலையில் போட்ட துப்பட்டாவோடு சுடிதார் போதும். சேலையில் இடுப்பு தெரிவதால் அங்கே சரிப்படாது. வண்டிகள் ரோட்டின் வலப்பக்கம் போகும் ஊர், தெருவைக் கடக்கையில் முதலில் இடப்பக்கம் பாருங்கள். பல செயலிகள் அங்கே முடக்கம், வரைபடத்தை மதுரையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்.

கால் தாங்கும் என்றால் திரும்பும் வழியில் ஃபூமனிலிருந்து ருத்கான் கோட்டைக்குப் போகலாம். காட்டுக்குள் ஆயிரத்தை ஒட்டிய படிகள். பழனிக்கு 693. மாசூலேவையும் கோட்டையையும் ஒரே நாளில் அடைக்கிறார்கள் சில டிரைவர்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஃபூமன் வந்தால் கொலூச்சே. கோதுமை மாவுக்குள் அரைத்த வால்நட், சர்க்கரை, பட்டை வைத்து, மேலே மரமுத்திரை குத்திச் சுட்ட வட்டமான பண்டம். போகும்போது வாங்கினால் மலையிலேயே தீர்ந்துவிடும். திரும்பும்போது, அடுப்பிலிருந்து எடுக்கிற கடையாகப் பார்த்து ஒன்றைச் சூடாகத் தின்றுவிட்டு, ஊருக்கு இரண்டு பெட்டி கட்டிக்கொள்ளுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்து நமத்துப்போகும். ஆறவிட்டுக் கட்டச் சொல்லுங்கள்.