தூளியின் வேகம் 40: பியானோவில் ஒரு தாலாட்டு

நான்கு மாதமாக ஒரே இசைத்துண்டோடு மல்லுக்கட்டுகிறேன். மூன்றரை நிமிடம்தான். பாட்டில்லை, சொல்லில்லை, பியானோ மட்டும். 2011 டிசம்பர் 30 அன்று காலை தானே புயல் எங்கள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அன்று இரவு மஞ்சக்குப்பம் வீட்டில், கும்மிருட்டில், ஐந்து மாதக் குழந்தையாக இருந்த என் மகளுக்கு அம்மா தூளி ஆட்டிப் பாடினாள். அந்த இரவை வாசிக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

கருவி, புதுச்சேரியில் வீடு காலி செய்தவர்களிடம் பழையதாக வாங்கிய 88 கட்டை டிஜிட்டல் பியானோ. மரப் பியானோ மேல் கண் இருந்தது. ஆனால் தேவனாம்பட்டினத்து உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும், ஈரத்தில் பலகை ஊதிச் சுருதி நகரும். இதற்கு அந்தக் கவலை இல்லை.

முதல் மாதம் முழுக்க வீண். அம்மா பாடியது தாலாட்டுக்குப் பேர்போன நீலாம்பரி ராகத்தின் சாயலில் இருந்தது. சிறுவயதில் கற்ற வாய்ப்பாட்டை நம்பி, அதை அப்படியே கட்டைகளில் தேடினேன். பியானோவில் ஒரு ஸ்தாயிக்கு, அதாவது ஒரு ‘ச’விலிருந்து அடுத்த மேல் ‘ச’ வரை, பன்னிரண்டு இடங்கள், அவ்வளவுதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக வழியே இல்லை. ஸ்வரத்தை அசைத்து, வழுக்கிப் பாடும் அந்தக் கமகத்தை எடுத்துவிட்டால் நீலாம்பரியில் என்ன மிஞ்சும்? வரிசையாக ஸ்வரங்கள் கேட்டன, அம்மா கேட்கவில்லை.

மெட்டை விட்டுவிட்டுக் கறுப்புக் கட்டைகளுக்குப் போனேன். அந்த ஐந்து கட்டைகளில் எதை ஷட்ஜமாக, அதாவது ஆதார ‘ச’வாக, வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ராகமே மாறிவிடும். சுருதிக் கணக்கில் நாலரைக் கட்டை (F#) எனப்படும் கறுப்புக் கட்டையில் தொடங்கினால் மோகனம், ஐந்தரையில் (G#) மத்யமாவதி, ஆறரையில் (A#) இந்தோளம், ஒன்றரையில் (C#) சுத்த சாவேரி, இரண்டரையில் (D#) சுத்த தன்யாசி. எந்தக் கட்டையைத் தொட்டாலும் அபஸ்வரம் வராது. புதிதாகப் பழகுகிறவர்கள் அவசியம் ஒரு வாரம் இதிலேயே கிடக்க வேண்டும், அத்தனை சுகம். மோகனம் எனக்குப் பகல் வெளிச்சமாக இருந்தது. இந்தோளம் மனத்துக்குப் பிடித்தது, ஆனால் அதில் பஞ்சமம் (ப) கிடையாது. இடக்கைக்கு ச–ப என்று ஆடிக்கொண்டிருக்க ஒரு பிடிமானம் வேண்டும். மத்யமாவதியில் நின்றேன்.

அடுத்த சிக்கல் வேகம். மெதுவாகத்தான் வாசித்தேன், ஆனால் ஒவ்வொரு நாளும் வேறு மெதுவு. அப்போதுதான் கூடத்து உத்தரத்தில் அந்தக் கொக்கி இன்னும் இருப்பது கண்ணில் பட்டது. அம்மாவின் பழைய நூல் புடவையைக் கட்டி, உள்ளே ஆறு கிலோ அரிசிப் பையை வைத்து ஆட்டிவிட்டேன். கைப்பேசியில் நேரம் பார்த்தேன்: அறுபது வினாடியில் இருபது முறை போய் வந்தது. கொக்கியிலிருந்து பையின் நடுப்பகுதி வரை அளந்தால் இரண்டேகால் மீட்டர். ஆட்ட நேரத்தை முடிவு செய்வது இந்த நீளம்தான், எடை அல்ல. ஆகவே அரிசிக்கும் குழந்தைக்கும் கணக்கு ஒன்றே. போக ஒன்று, வர ஒன்று என்று எண்ணினால் நிமிடத்துக்கு 40. சாவி கொடுத்தால் சீராகத் தாளம் தட்டும் பழைய மெட்ரோனோம் கருவிகளில் மிக மெதுவான எண்ணும் அதுவே.

இன்னொன்றும் கிடைத்தது. தூளி ஒரு பக்கம் போகும்போது மட்டும் கொக்கி மெல்லக் கிறீச்சிட்டது. திரும்பும்போது சத்தமில்லை. அந்தச் சத்தத்தை மறந்தே போயிருந்தேன். இப்போது இரண்டு தாள அடிக்கு ஒரு முறை, மேல் ஸ்தாயி நிஷாதத்தை (நி) விரல் நுனியால் தொட்டு விடுகிறேன்.

காலால் மிதித்து ஒலியை நீட்டும் பெடல்தான் நிறைய நாள் தின்றது. மிதித்தே வைத்தால் எல்லாம் கலந்து கூழாகிவிடும். கட்டையை அழுத்தும்போதே பெடலையும் மாற்றினால் இடையில் ஓட்டை விழும். அடுத்த ஸ்வரம் ஒலித்த பிறகு, அது காதில் விழுந்த அந்தக் கணத்தில், காலைத் தூக்கி மறுபடி மிதிக்க வேண்டும். கைக்குப் பின்னால் கால். மூன்று வாரம் ஆயிற்று.

முடிவுதான் கடைசி வரை பொருந்தவில்லை. எல்லோரையும் போல வேகத்தைக் குறைத்துக்கொண்டே போய் நிறுத்தினேன். கேட்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் பொய்யாகப் பட்டது. போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி அரிசிப் பையை ஆட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். ஆட்டம் சிறுத்துக்கொண்டே வந்தது. முழம் அகலம், சாண் அகலம், நான்கு விரல். ஆனால் ஒரு போய்வரவுக்கு ஆன நேரம் கடைசி வரை அதே மூன்று வினாடி. தூளி மெதுவாவதே இல்லை. சிறிதாகிறது, அவ்வளவுதான்.

எழுந்து போய் முடிவை மாற்றினேன். வேகம் 40 அப்படியே இருக்கிறது. விரலின் அழுத்தம் மட்டும் இறங்குகிறது. பதிவில் ஒவ்வொரு ஸ்வரத்தின் அழுத்தமும் 127 வரையிலான ஓர் எண்ணாக விழும், அதில் அறுபதில் தொடங்கிப் பதினைந்துக்கு வந்துவிட்டேன். அதற்குக் கீழே போனால் என் கருவியில் சில கட்டைகள் ஒலிப்பதில்லை. கொக்கியின் நிஷாதம்தான் முதலில் காணாமல் போகிறது. பிறகு பஞ்சமம். ஷட்ஜம் மட்டும் இன்னும் நான்கு முறை வருகிறது.