கரண்டோடு கீமோ எதற்கு?

அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கட்டி பரவிய அளவுக்கு ஆபரேஷன் சரிவராது, கரண்ட்தான், அதாவது கதிர்வீச்சுதான், வைக்க வேண்டும் என்று புதுச்சேரியில் சொல்லிவிட்டார்கள். சனி, ஞாயிறு போக தினமும் கடலூரிலிருந்து பஸ். அதோடு வாரம் ஒரு கீமோ என்றதும் வீட்டில் ஒரே பேச்சு. "கரண்ட் வைக்கிறாங்களே, அது போதாதா? இந்த வயசுல கீமோ தாங்குவாளா?" என்றார் பெரியம்மா.

டாக்டரிடமே கேட்டேன். சிஸ்பிளாட்டின் என்ற அந்த மருந்து இங்கே கரண்டுக்குத் துணையாகத்தான் வருகிறது. கதிர்வீச்சு புற்றுச் செல்லின் டிஎன்ஏவை உடைக்கும். செல் அதைச் சரிசெய்துகொண்டு பிழைக்கப் பார்க்கும். மருந்து டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொண்டு அந்த ரிப்பேரைக் கெடுத்துவிடும். இப்படிச் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பேர் பிழைக்கிறார்கள் என்று 1999-இல் வந்த ஆய்வுகள் காட்டியபின் இதுவே வழக்கமாகிவிட்டது. அப்புறம் பெரியம்மாவைச் சமாளிப்பது எளிதாக இருந்தது.

ஆரம்பத்திலேயே ரத்தம் ஏற்றினார்கள். ஹீமோகுளோபின் 10-க்கு மேல் இருக்கட்டும் என்றார்கள். ரத்தம் குறைந்தால் கட்டிக்கு ஆக்சிஜன் சரியாகப் போகாது; ஆக்சிஜன் எட்டாத செல்லைக் கொல்ல ஏறக்குறைய மூன்று மடங்கு கதிர்வீச்சு வேண்டியிருக்குமாம். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் அது ஏற்றும் வேகத்துக்கு இந்தச் சிகிச்சை காத்திருக்காது.

கீமோ நாளில் மருந்தைவிட சலைன் ஏறும் நேரமே அதிகம். எல்லாம் கிட்னியைக் காப்பாற்றத்தான். ஒருமுறை, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் கூடியதால் அந்த வார மருந்தை மட்டும் தள்ளிப்போட்டார்கள். கரண்ட் நிற்கவில்லை.

உண்மையில் அம்மாவைப் படுத்தியது மூத்திரப்பை. அது நிறைந்திருந்தால் குடல் மேலே ஒதுங்கி, கதிர் அதன்மேல் அதிகம் படாது. அதனால் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். மெஷின் தாமதமானால் தீர்ந்தது. "இதுக்குக் கீமோவே பரவாயில்லடா" என்பார். பஸ் வழியிலுள்ள முள்ளோடையைத் தாண்டும்வரை தண்ணீர் பாட்டிலைத் திறக்கக்கூடாது என்பது நாங்களாகப் போட்டுக்கொண்ட சட்டம்.

கடைசியில் உள்ளே வைக்கும் கதிர்வீச்சு. வெளிக்கரண்ட், இது எல்லாம் சேர்ந்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும், நாள் இழுத்தால் பலன் குறையும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்; முடித்துவிட்டோம். வாந்தி, பேதி அடங்கிவிட்டது. காதில் மட்டும் 'கொய்ங்' என்ற சத்தம் இருக்கிறது. சிஸ்பிளாட்டின் செய்யும் வேலைதான். அடுத்த செக்கப்போடு காது டெஸ்டுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.