காரணம் எழுதிய பையன்

எங்கள் பாடசாலையில் பிந்தி வருவோர் புத்தகத்தைப் பெரியவர்கள் எழுதிய காலத்தில் ‘காரணம்’ என்ற நிரலை யாரும் வாசித்ததில்லை. வாசிக்க அதில் ஒன்றும் இருந்ததில்லை. முதலில் வந்த பிள்ளைக்கு ‘பஸ் தாமதம்’ என்று எழுதுவோம். அன்று பிந்திய மற்ற எல்லோருக்கும் அதன் கீழே மேற்படிக் குறி. பஸ்ஸில் ஏறவே தேவையில்லாத, மதிலுக்கு அடுத்த தோட்டத்துப் பிள்ளைக்கும் பஸ் தாமதம்தான். (இங்கே தோட்டம் என்றால் நெருக்கமான வீடுகள் உள்ள குடியிருப்பு.)

அலுவலகக் கடமைகளை நான்காம் தரத்துப் பிள்ளைகளிடம் கொடுத்த பிறகுதான் அந்த நிரல் நிரம்பத் தொடங்கியது. (ஐந்தாம் தரத்தாரை நெருங்க முடியாது. புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை அவர்களில் ஒருவர் மணி அடிக்க எழுந்தாலும் மறுநாள் பெற்றோர் வந்து நிற்பார்கள்.) மணி அடிப்பது, அறிவித்தல் புத்தகத்தை வகுப்பு வகுப்பாகக் கொண்டு போவது, வரவுத் துண்டுகளைச் சேகரித்துக் கூட்டிப் பலகையில் எழுதுவது, போசாக்கு உணவுக்கு எத்தனை தட்டு என்று சமைக்கும் அக்காவிடம் சொல்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கணிதப் பாடத்தில் விடையைச் சரிபார்க்கச் சொல்லி நான் தொண்டை வற்றக் கத்தியும் செய்யாதவர்கள், இங்கே யாரும் சொல்லாமலே இரண்டு தரம் கூட்டினார்கள். பிழைத்தால் ஒரு பிள்ளைக்குச் சோறு குறையும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்தத் திட்டம் என்னுடையது. இன்றைக்கும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிந்தி வருவோர் புத்தகம் ஒரு பையனிடம் போனது. கையெழுத்து மணிமணியாக இருக்கும், அதனால்தான் அவன். 7.30க்கு மணி அடித்த பின் வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஏன் என்று கேட்பான். கேட்டதை அப்படியே எழுதுவான். ‘குழாயடியில் வரிசை.’ ‘அம்மம்மாவுக்கு ஊசி போடும்வரை நின்றார்.’ ‘ஒரு சப்பாத்து காயவில்லை.’ ‘தம்பி அழுதான்.’ இடைவேளையில் அந்தப் புத்தகத்தைப் புரட்டுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. குழாயடி வரிசை திரும்பத் திரும்ப வந்ததால்தான் ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் ஒரே காரணத்துக்காகப் பிந்துகிறார்கள் என்று அதிபருக்குக் காட்ட முடிந்தது. அந்தப் பிள்ளைகளை வெளியே நிறுத்தி வைக்கும் வழக்கம் அதோடு நின்றது. எத்தனையோ வருடமாக நாங்கள் எழுதிய பஸ் தாமதத்தால் நடக்காதது அது.

பிறகு ஒரு நாள், இரண்டாம் தரத்துச் சிறுமி ஒருத்தியின் பெயருக்கு நேரே: ‘நேற்று இரவு அப்பாவைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போனது.’

புத்தகம் மேசையில் விரித்தபடி கிடக்கும். விடுகைப் பத்திரம் கேட்டு வந்த வேறொரு தாய் அதை வாசித்திருக்கிறார். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு செய்தி ஒழுங்கையைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மறுநாள் காலையில் சிறுமியின் தாய் வந்தார். சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன், பிடிக்கவில்லை. “டீச்சர், பிள்ளை சொன்னது பொய்யில்லை. அதைப் புத்தகத்தில் போடத்தான் வேண்டுமா?” என்றார்.

அன்று பாடசாலை விட்ட பின் பையனைக் கூப்பிட்டேன். பேசியதை இப்போது சொல் மாறாமல் சொல்ல முடியும். அத்தனை தரம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

“மகன், இனி இப்படி யாராவது சொன்னால் ‘வீட்டுக் காரணம்’ என்று மட்டும் எழுதுங்கள்.”

“எப்படிச் சொன்னால், டீச்சர்?”

“வீட்டு விஷயம் என்றால்.”

“குழாயடியும் வீட்டு விஷயம்தானே?”

“அதை எழுதலாம்.”

சற்று யோசித்தான். “எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று நானா பார்க்க வேண்டும்?”

“தெரியாவிட்டால் என்னிடம் கேளுங்கள்.”

“அந்த நேரம் நீங்கள் வகுப்பில் இருப்பீர்களே.”

அதற்கு நான் என்ன சொன்னேன் என்றால், “கெட்டிக்காரப் பிள்ளை, உங்களுக்குத் தெரியும்” என்றேன். தோளில் தட்டியும் அனுப்பினேன்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அந்தத் தாய்க்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கேட்ட பயிற்சிப் பட்டறைகளில் எல்லாம் ஐ.நா.வின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரையைப் பற்றித்தான் சொல்வார்கள்: பிள்ளை தன்னைப் பற்றிய விடயத்தில் கருத்துச் சொல்லலாம், அதற்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட அதே சமவாயத்தில் 16ஆம் உறுப்புரையும் இருக்கிறது. அது பிள்ளையின் அந்தரங்கத்தையும் குடும்பத்தையும் வீட்டையும் பற்றியது. ஆக, நான் செய்ததற்கு ஆதாரம் இருக்கிறது. ஒன்பது வயதுப் பையனின் மடியில் 12ஐயும் 16ஐயும் சேர்த்து வைத்து, நீயே பார்த்துக்கொள் என்று சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

என்னைக் கூடுதலாக உறுத்துவது அதுவுமல்ல. அந்தச் சிறுமி வகுப்பாசிரியையிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, விசாரித்துவிட்டேன். பையனிடம் சொல்லியிருக்கிறாள். நாங்கள் ‘ஏன் பிந்தி?’ என்று கேட்டால் அது ஏச்சு. பிள்ளைகள் தலையைக் குனிவார்கள், பதிலை நாங்களும் எதிர்பார்ப்பதில்லை. அவனுக்கோ நிரலை நிரப்பியாக வேண்டும். உண்மையாகவே கேட்டான், அதனால் அவளும் சொன்னாள். சொன்னது யாராவது ஏதாவது செய்வார்கள் என்றா, வெறுமனே கேட்டான் என்பதற்காகவா? அடி, காயம் என்று எழுதியிருந்தால் எங்களுக்கு வழி தெரியும். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம் அலுவலகச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனதற்கு அழைக்க அப்படியொரு இலக்கம் சுவரில் இல்லை. வகுப்பாசிரியையிடம் விஷயத்தைச் சொல்லி, பிள்ளையைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளச் சொன்னேன். அதைச் சொல்ல முடிந்ததும் அவன் எழுதியதால்தான்.

மறுநாளிலிருந்து அவன் எல்லோருக்கும் ‘வீட்டுக் காரணம்’ என்று எழுதினான். குழாயடிக்கும் அதுதான், சப்பாத்துக்கும் அதுதான். வெள்ளம் ஏறி அரைவாசிப் பள்ளிக்கூடமே பிந்திய நாளிலும் அதே இரண்டு சொல், அதே மணிமணியான எழுத்தில். மேற்படிக் குறி போடத் தெரியாததால் ஒவ்வொரு வரியிலும் முழுதாக எழுதியிருந்தான். கோபமா, பயமா, இல்லை நான் கொடுத்த வேலையைச் செய்ய இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை என்று கண்டுகொண்டானா? கேட்கலாம் என்று சில தரம் வாயெடுத்து விட்டுவிட்டேன். கேட்டாலும் என்னிடம் இரண்டு சொல்லில்தான் பதில் வரும் என்று ஏனோ தோன்றியது. அதிபருக்கு மட்டும் திருப்தி. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்தால் புத்தகம் துப்புரவாக இருக்கிறதாம்.

புத்தகத்தை லாச்சிக்குள் வைத்து, பையன் கேட்பதைத் துண்டில் எழுதி என்னிடம் தரச் செய்யலாம் என்று ஒரு சக ஆசிரியை சொல்கிறார். நல்ல யோசனைதான். அந்தத் துண்டுகளோடு நான் என்ன செய்வேன் என்று கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை.

தவணை மாறியபோது அவன் தானாகவே வந்து மணி அடிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அதில் எழுத ஒன்றும் இல்லை என்பதால்தான் கேட்டான் என்கிறார் அதே ஆசிரியை. இருக்கலாம். அந்த வயதில் மணி அடிக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.